கைமுடிச்சு சுங்குடி: எதற்காகச் செய்கிறேன் என்பதை எப்படிச் சொல்வது?

எல்லோருக்கும் வணக்கம். ஊர் மதுரை. அம்மாவிடம் கற்றுக்கொண்டு நான்கு வருடமாகக் கைமுடிச்சு சுங்குடிச் சேலை செய்து விற்கிறேன். துணியில் கையாலேயே சின்னச் சின்ன முடிச்சுகள் போட்டுச் சாயம் ஏற்றுவோம், முடிச்சு போட்ட இடம் புள்ளியாக வரும்.

இன்ஸ்டாகிராமில் இதுவரை ‘புது வரவு’, ‘தள்ளுபடி’ என்றுதான் போட்டு வந்தேன். விலை கேட்பார்கள், போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மெழுகு அச்சிலும் ஸ்கிரீன் பிரிண்டிலும் புள்ளி வைத்த சேலையும் சுங்குடி என்றே கடையில் கிடைக்கிறது, விலையும் குறைவு. 2005-லேயே மதுரை சுங்குடிக்குப் புவிசார் குறியீடு வந்துவிட்டது. ஆனாலும் வித்தியாசம் பலருக்குத் தெரியவில்லை.

போன வாரம் ஒரு அக்கா, “இத்தனை கஷ்டப்பட்டு ஏன் இதைச் செய்யறே?” என்று கேட்டார். சட்டென்று பதில் வரவில்லை. அன்று ராத்திரி, சாயம் காய்ந்த சேலையை அம்மாவும் நானும் ஆளுக்கொரு முனை பிடித்து இழுத்தோம். முடிச்சுகள் படபடவென்று அவிழ்ந்து, கட்டிய இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. ஒன்று போல் இன்னொன்று இல்லை. அம்மா நகத்தால் கிள்ளிக் கட்டியது எது, நான் கட்டியது எது என்று பார்த்தாலே தெரிந்தது. இந்த விரல் வேலை அம்மாவோடு நின்றுவிடக் கூடாது, அதற்காகத்தான் செய்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

இதை எப்படி எழுதுவது? பரிதாபம் தேடுவது போல் ஆகிவிடக் கூடாது. அச்சுச் சேலை விற்பவர்களை மட்டம் தட்டவும் மனமில்லை, அவர்களுக்கும் அது பிழைப்பு. கைத்தொழில் செய்பவர்கள் உங்கள் பக்கத்தின் முதல் இரண்டு வரியில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? அப்புறம், அம்மா முகம் காட்டக் கூச்சப்படுகிறார். முடிச்சுப் போடும் கையை மட்டும் வீடியோ எடுத்துப் போட்டால் போதுமா?