அப்பாவுக்குக் கண் ஊசி: எங்கள் குடும்பக் குழுவில்

அக்கா: அப்பாவுக்கு இந்த மாத ஊசி போட்டாயிற்று. வீட்டுக்கு வந்துவிட்டோம். வலது கண் வெள்ளையில் ரத்தச் சிவப்பு இருக்கிறது. ஊசி இறங்கிய இடம் அது, தானாகக் கரைந்துவிடும். வீடியோ காலில் பார்த்து யாரும் பயப்படாதீர்கள்.

அத்தை: அண்ணே, வலிக்கிறதா?

அப்பா: வலி இல்லைம்மா. மரத்துப்போகச் சொட்டு விட்டுத்தான் போடுகிறார்கள். ஒரு அழுத்தம் தெரிந்தது, அவ்வளவுதான். கீழ்ப்பக்கம் கறுப்பாக ஒரு குமிழ் மிதக்கிறது.

அக்கா: மருந்தோடு உள்ளே போன காற்றுக் குமிழ்தான் அப்பா. ஓரிரு நாளில் மறைந்துவிடும்.

தம்பி: அக்கா, நீ அனுப்பிய சீட்டில் அவாஸ்டின் என்று இருக்கிறது. தேடினால் பெருங்குடல் புற்றுநோய் மருந்து என்று வருகிறதே!

அத்தை: என்னது, புற்றுநோயா? எங்களிடம் எதையாவது மறைக்கிறீர்களா?

அம்மா: அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, பயப்படாதே. அவள் சொல்வாள், படி.

அக்கா: அத்தை, அப்பாவுக்கு இருப்பது சுகரால் வந்த விழித்திரைக் கோளாறு மட்டும்தான். பல வருஷம் சுகர் ஏறியே இருந்தால் விழித்திரையின் மெல்லிய ரத்தக் குழாய்கள் பலவீனமாகிக் கசிய ஆரம்பிக்கும். அப்பாவுக்குக் கசிவு மாக்குலாவில், அதாவது எழுத்தும் முகமும் தெளிவாகத் தெரிய வேண்டிய நடு இடத்தில். அது வீங்கியதால்தான் பேப்பரில் வரிகள் நெளிந்தன. கண்ணாடி மாற்றியும் சரியாகவில்லை.

அக்கா: விழித்திரைக்கு ஆக்சிஜன் போதாதபோது விஇஜிஎஃப் என்ற புரதம் அதிகமாகச் சுரக்கும். புதுக் குழாய்களை முளைக்க வைப்பது அதுதான், கசிவைக் கூட்டுவதும் அதுதான். புற்றுநோய்க் கட்டியும் தனக்கு ரத்தம் வர இதே புரதத்தைத்தான் நம்பியிருக்கிறது. அவாஸ்டின் அந்தப் புரதத்தைப் பிடித்து முடக்கிவிடும். அதனால் ஒரே மருந்து இரண்டு இடத்திலும் வேலை செய்கிறது. 2004-இல் அமெரிக்காவில் குடல் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. அடுத்த வருஷமே மயாமியில் பிலிப் ரோசன்ஃபெல்ட் என்ற விழித்திரை டாக்டர் சிறு அளவில் கண்ணுக்குள் செலுத்திப் பலன் கண்டார். இன்றைக்கு உலகம் முழுக்கப் போடுகிறார்கள்.

தம்பி: சிறு அளவு என்றால் எவ்வளவு?

அக்கா: கண்ணுக்கு 1.25 மில்லிகிராம். புற்றுநோய்க்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமாவது ஏற்றுவார்கள். அப்பா 60 கிலோ என்று வைத்துக்கொள், அது 300 மில்லிகிராம்.

தம்பி: சரி, இப்போது புரிகிறது. ஐலியா என்று இன்னொன்றும் பார்த்தேன். விலை அதிகம். அது இன்னும் நல்லதா?

அக்கா: கண்ணுக்கென்றே வந்தவை லூசென்டிஸும் ஐலியாவும். பார்வை ரொம்பக் குறைந்தவர்களுக்கு முதல் வருஷத்தில் ஐலியா கூடுதலாக உதவியது, லேசாகக் குறைந்தவர்களுக்கு மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று 2015-இல் ஒரு அமெரிக்க ஆய்வு வந்தது. அப்பாவுக்கு லேசான குறைவுதான். இதில் பலன் போதவில்லை என்றால் மாற்றலாம் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

அத்தை: எங்கள் தெருவில் ஒருவருக்கு லேசர் வைத்த பிறகுதான் பார்வை போனதாம். அதனால்தான் எனக்குப் பயம். நந்தியாவட்டைப் பூச்சாறு ரெண்டு சொட்டு விட்டால் கண் குளிருமே?

அக்கா: வேண்டவே வேண்டாம் அத்தை! ஊசி போட்ட கண்ணில் கிருமி போனால் கண்ணே போய்விடும். அந்தச் சாறு விழித்திரை வரை போகவும் போகாது. லேசர் வேறு விஷயம். விழித்திரையின் ஓரத்தில் புள்ளி புள்ளியாகச் சுட்டு, நடுப்பார்வையைக் காப்பாற்றுகிறார்கள். இருட்டிலும் பக்கவாட்டிலும் பார்வை கொஞ்சம் குறையலாம், அது உண்மைதான். ஆனால் முற்றிய நோயில் பெரிய பார்வை இழப்பை அது பாதிக்கு மேல் குறைக்கும் என்று 1970-களிலேயே நிரூபித்துவிட்டார்கள். போன பார்வையை மீட்டுத் தராது, இருப்பதைக் காக்கும். பலர் கடைசி நேரத்தில்தான் போகிறார்கள், அதுதான் எனக்கு வேதனை.

அப்பா: இப்போது எழுத்து நேராகத் தெரிகிறது. அடுத்த மாதம் ஊரில் கோயில் கொடை. அந்த ஊசியை விட்டுவிடலாமா என்று பார்க்கிறேன்.

அக்கா: அப்பா, நேராகத் தெரிவதே ஊசி வேலை செய்வதால்தான். மருந்து சில வாரத்தில் கண்ணைவிட்டு வெளியேறிவிடும், கசிவு திரும்ப வரும். இன்றைக்கு எடுத்த ஓசிடி ஸ்கேனில்கூட, அதாவது விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் படத்தில்கூட, வீக்கம் முழுசாக வற்றவில்லை. கொடைக்கு ஒரு வாரம் முன்பின்னாகத் தேதி மாற்றித் தரச் சொல்லிக் கேட்கிறேன். ஊசியை மட்டும் விட வேண்டாம்.

அம்மா: கொடைக்கு நான் முன்னால் போய்க்கொள்கிறேன். நீங்கள் ஊசி போட்டுவிட்டு வாருங்கள்.

அப்பா: சரிம்மா, தேதி மாற்று.

அக்கா: அம்மா, இன்னொன்று. கண்ணில் வலி வந்தாலோ, சிவப்பு கூடினாலோ, பார்வை மங்கினாலோ விடியட்டும் என்று இருக்க வேண்டாம். ராத்திரி ஆனாலும் என்னைக் கூப்பிடுங்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சித்தப்பா: பாப்பா, எனக்கும் சுகர் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. பேப்பர் நன்றாகப் படிக்கிறேன், ஒரு தொந்தரவும் இல்லை. நானும் பார்க்க வேண்டுமா?

அக்கா: கட்டாயம் சித்தப்பா. இந்த நோய் வலிக்காது. கசிவு நடுவைத் தொடும்வரை, இல்லை கண்ணுக்குள் ரத்தம் கொட்டும்வரை எதுவும் தெரியாமலே இருக்கலாம். சுகர் இருக்கிறவர்கள் வருஷம் ஒருமுறை சொட்டு விட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். கண்ணாடிக் கடையில் எழுத்துப் படிப்பது அதற்கு ஈடாகாது.

தம்பி: சித்தப்பா, விழித்திரைப் படத்தைப் பார்த்து இந்த நோயைக் கண்டுபிடிக்கக் கணினிக்கே கற்றுக்கொடுத்துவிட்டார்கள். 2016-இல் கூகுள் வெளியிட்ட ஆய்வு அது. அதற்கு மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா படங்களும் உதவின.

சித்தப்பா: அப்படியா! சனிக்கிழமை வருகிறேன். பைக்கிலேயே வந்துவிடலாமா?

அக்கா: வேண்டாம். சொட்டு விட்டால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்து எழுத்து தெரியாது. பஸ்ஸில் வாருங்கள், யாரையாவது துணைக்குக் கூட்டி வாருங்கள். மூன்று மாதச் சராசரி சுகர் ரிப்போர்ட், பிரஷர் சீட்டு, கிட்னி டெஸ்ட் எல்லாம் எடுத்து வாருங்கள். பிரஷர் கூடினாலும் விழித்திரை கெடும்.

அத்தை: ஏம்மா, எனக்குப் போன வருஷம்தான் சுகர் என்றார்கள். நானும் வரவா?

அக்கா: வாருங்கள் அத்தை. சுகர் என்று தெரிந்ததுமே ஒருமுறை பார்த்துவிட வேண்டும். உங்களுக்கும் சேர்த்து டோக்கன் போடுகிறேன். வெறும் வயிற்றோடு வராதீர்கள், சாப்பிட்டு மாத்திரை போட்டுவிட்டே கிளம்புங்கள்.