காந்தத்துக்குச் சீனாவை நம்புறதா, குமரி மணலைத் தோண்டுறதா?

ஓசூர்_மோட்டார்: 2025 ஏப்ரல்ல சீனா ஏழு அருமண் தனிமங்களுக்கும் (rare earth) அதுல செய்யுற, மின்வண்டி மோட்டாருக்கு வேண்டிய காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம்னு சொல்லிடுச்சு. மின்வண்டி கம்பெனிக்காரங்க கையைப் பிசைஞ்சதைப் பார்த்தோம். நம்ம குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணல்ல, அருமண் தனிமங்கள் இருக்குற மோனசைட் தாது கிடக்கு. உலக வர்த்தகம்னு பேசிட்டு, எவன் எப்போ கதவைச் சாத்துவான்னு காத்திருக்கணுமா? தோண்டுறது, பிரிக்கிறது, காந்தம் செய்யுறது எல்லாமே இங்க நடக்கணும்.

குளச்சல்_அலை: ஓசூர்ல உட்கார்ந்து சொல்லலாம் அண்ணே. கிள்ளியூர் வட்டத்துல மத்திய அரசு நிறுவனம் ஐஆர்இஎல் 1,144 ஹெக்டேர்ல மணல் எடுக்கக் கேட்டப்போ கடலோர ஊர்களெல்லாம் எதிர்த்தது. மோனசைட்ல கதிரியக்கத் தோரியம் இருக்கு. தற்சார்பு உங்களுக்கு, குழியும் கடலரிப்பும் எங்களுக்கா?

ஓசூர்_மோட்டார்: அப்போ சீனாக்காரன் ஊர்னா பரவாயில்லையா தம்பி? அங்க அருமண் பிரிக்கிற பாவ்தோ நகரத்துப் பக்கத்துக் கழிவு ஏரியைப் படத்துலயாவது பார்த்திருப்பீங்க. நம்ம ஸ்கூட்டர் ஓட அங்க ஒருத்தன் அந்தக் கரையில வாழணும், அப்படித்தானே?

ஓய்வுபெற்ற_வேதியியல்: ரெண்டு பேரும் மணலை விட்டு வெளிய வாங்க. நம்ம மோனசைட்ல, காந்தத்துக்கு முக்கியமான அருமண் தனிமம் நியோடிமியம் கிடைக்கும். சூட்டுல காந்தம் வலுவிழக்காம இருக்கச் சேர்க்குற டிஸ்புரோசியம் ரொம்பச் சொற்பம். கிள்ளியூரையே புரட்டினாலும் அதுக்கு வெளிநாடுதான். ஆக்சைடா பிரிக்கக் கேரளா ஆலுவாவுல ஏற்கெனவே ஆலை இருக்கு. அதை உலோகமாக்கிக் காந்தமா வார்க்குற பெரிய ஆலைதான் இல்லை. 2010ல ஜப்பானோட நடந்த படகுத் தகராறுல சீனா அருமண் சரக்கை நிறுத்தினப்போ ஜப்பான் என்ன செஞ்சது? ஆஸ்திரேலியாவோட அருமண் கம்பெனி லைனஸ்ல பணம் போட்டது, காந்தத்துல டிஸ்புரோசியத்தைக் குறைக்க வழி தேடினது, அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சேர்த்துக்கிட்டு உலக வர்த்தக அமைப்புல வழக்கு போட்டு 2014ல ஜெயிச்சது.

ஓசூர்_மோட்டார்: 2014ல தீர்ப்பு, 2025ல மறுபடி பூட்டு. தீர்ப்புல மோட்டார் சுத்துமா சார்?

குளச்சல்_அலை: லைனஸும் ஒண்ணும் சுத்தமில்லை. மலேசியா குவாந்தான்ல இருக்குற அவங்க ஆலையில கதிரியக்கக் கழிவுன்னு சனங்க வருஷக்கணக்கா போராடினாங்க. நாடுகள் கைகோக்குறது சரி, கழிவு எந்த ஊருக்குன்னும் ஒப்பந்தத்துலயே எழுதணும். காந்த ஆலைக்கு மத்திய அரசு 7,280 கோடி ஒதுக்கியிருக்கே, பழைய மோட்டார்ல இருந்து காந்தம் பிரிச்சு எடுங்க.

ஓசூர்_மோட்டார்: பிரிக்கப் பழைய மோட்டார் வேணுமே! மின்வண்டி ரோட்டுக்கு வந்ததே நேத்து மாதிரி இருக்கு. பத்து வருஷம் கழிச்சு வரப்போற குப்பையை நம்பி இன்னைக்கு ஆலை நடத்தச் சொல்றீங்க.

குளச்சல்_அலை: ஆக்சைடை ஆஸ்திரேலியாகிட்ட வாங்குங்க, காந்தத்தை இங்க செய்யுங்க. கிள்ளியூரைத் தொடாம முதல் ஆலை ஓடுமா ஓடாதா? கணக்கு போட்டுக் காட்டுங்க, அப்புறம் பேசுவோம்.