சென்னை – யாழ்ப்பாணம்: உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆனது?

தாம்பரத்துக்காரன்
போன தை மாதம் பலாலி போனேன், அதுதான் யாழ்ப்பாண விமான நிலையம். ஏடிஆர்தான், பின்கதவு வழியாக ஏறுவோமே, அந்தச் சின்ன விமானம். பக்கத்து சீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, மடியில் வாழையிலைப் பொட்டலம். புளியோதரையாம், பாதி வழியில் சாப்பிடலாம் என்று வைத்திருந்தார். அவர் நூலைப் பிரிக்கவும் விமானம் இறங்கத் தொடங்கவும் சரியாக இருந்தது. பணிப்பெண் வந்து மேசையை மடக்கச் சொல்லிவிட்டார். அந்த அம்மா நூலைத் திரும்பச் சுற்றிக்கொண்டே, "நாங்கள் வரேக்க மூண்டு நாள், தம்பி" என்றார். எந்த வருஷம், எந்தக் கரை, எதையும் நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

வடமராட்சியான்
சின்ன விமானம் என்று இளக்காரமாகச் சொல்லாதீர்கள். 2019 இல் பலாலி திறக்கும் வரைக்கும் எங்களுக்குக் கட்டுநாயக்கதான், கொழும்புப் பக்கத்து விமான நிலையம். இரவு பஸ்ஸில் எட்டு மணி நேரம் தெற்கே போய், அங்கே காத்துக்கிடந்து, பிறகு விமானம் ஏறித் திரும்ப வடக்கே வர வேண்டும். ஒருமுறை ஜன்னலால் பார்க்கிறேன், கீழே குடாநாடு, பருத்தித்துறை முனை அப்படியே தெரிகிறது. முந்தின நாள் இரவு ஏழு மணிக்கு அங்கேதான் பஸ் ஏறினேன்! இத்தனைக்கும் 1947 டிசம்பரில் இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் டகோட்டா விமானமே, கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து எங்கள் பலாலிக்குப் பக்கத்துக் காங்கேசன்துறை வழியாகத்தான் மதராஸ் போனது.

ஜன்னல் சீட்
நானும் ஒரு தடவை போனேன், விசிறிக்குப் பக்கத்து வரிசை, மறுநாள் வரை காதில் ரீங்காரம். அதை விடுங்கள், போகிறவர்களுக்குச் சில விஷயம். நேர்கோட்டில் பலாலி சுமார் 350 கிலோமீட்டர், கட்டுநாயக்க 650க்குக் கிட்ட, ஆனால் டிக்கெட்டில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் போட்டிருக்கும். ஜெட் மணிக்கு 800ஐத் தாண்டும், ஏடிஆர் 500ஐ எட்டினால் பெரிது. அதுவும் போக, ஓடுபாதைக்கு ஊர்ந்து போகிற நேரமும் அந்தக் கணக்கில் சேர்த்தி, அதனால் தூரத்தை வைத்து நேரத்தைச் சொல்லாதீர்கள். போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள், கரை அந்தப் பக்கம்தான், இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் மறைக்காது. பெட்டியை வீட்டிலேயே எடை போட்டுவிடுங்கள். அப்புறம் புளியோதரையை விமான நிலையத்திலேயே சாப்பிட்டுவிடுங்கள், அங்கேதான் மூன்று மணி நேரம் சும்மா இருக்கப் போகிறீர்கள்.

தாம்பரத்துக்காரன்
நான் இதையெல்லாம் கேட்கவே இல்லையே சார்.

சிங்கை வாசி
தலைப்புக்குக் கொஞ்சம் வெளியே. சிங்கப்பூரிலிருந்து முதல் தடவை ஊருக்கு வரும்போது, "எட்டு மணிக்கு ஏறி ஒன்பதே முக்காலுக்கு இறங்கிடுவேன்" என்று அம்மாவிடம் சொல்லித் தொலைத்தேன். அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, உண்மையில் நாலேகால் மணி நேரப் பயணம் என்று எத்தனையோ முறை விளக்கியாயிற்று. அம்மாவுக்கு மண்டையில் ஏறவில்லை. போன வாரமும் போனில் அதே பாட்டு: "மதுரையிலேருந்து உங்க அக்கா எட்டு மணி நேரம் பஸ்ல உக்காந்து மாசாமாசம் வர்றா. நீ இவ்வளவு கிட்டத்துல இருந்துக்கிட்டு..."