குயில்ட்டுக்கு ‘ஊடுதையல்’ சரிவருமா?

அண்ணாச்சி, வணக்கம்.

நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் குயில்ட்டுக்கு, என் தையல் குறிப்பில் எழுத ஒரு தமிழ்ப்பெயர் தேடுகிறோமே, அதற்கு நீங்கள் சொன்ன ‘துன்னம்’ எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் பொருநராற்றுப்படையில் ‘துன்னற் சிதாஅர்’ என்று வருவது எது? ஈரும் பேனும் குடியிருந்த, வேர்வையில் ஊறிய, வேற்று இழை நுழைந்த கந்தல். அதைத்தான் மதினி வீட்டுப் பால்காய்ப்புக்குப் பரிசாகத் தைத்தேன் என்று எப்படி எழுதுவேன்? அது போக, துன்னம் எல்லாத் தையலுக்கும் பொதுப்பெயர். சிலப்பதிகாரத்துத் துன்னகாரர் நம்மூர் டெய்லர்தானே.

தம்பி சொன்ன ‘ஒட்டுத்துணி’யும் வேண்டாம். ஒட்டுப்போட்டது என்றால் கிழிந்ததைச் சரிக்கட்டியது என்றுதான் காதில் விழும். துண்டுகளை இணைப்பதற்கு நம்மிடம் ‘மூட்டுதல்’ இருக்கிறது. சாரம் (கைலி) வாங்கினால் “மூட்டியாச்சா?” என்றுதானே கேட்கிறோம்! ஆனால் துண்டே மூட்டாமல் ஒரே துணியிலும் குயில்ட் தைக்கலாம். அப்படியென்றால் அதைக் குயில்ட் ஆக்குவது எது?

நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மதினிக்குத் தைத்தது ஒன்றரைக்கு இரண்டடி. மேலே பழைய சுங்குடித் துண்டுகளை மூட்டி ஒரு பனைமரம், பின்னால் காடாத்துணி, நடுவில் தலையணையைப் பிரித்தெடுத்த இலவம்பஞ்சு. நாலு ஓரத்தையும் அடைத்துத் தைத்து ஆணியில் மாட்டினேன். மறுநாள் பார்த்தால் பஞ்சு முழுக்கக் கீழே இறங்கி, பனைமரத்தின் தூரில் தொப்பை விழுந்திருக்கிறது. கட்டிலில் விரிப்பதாக இருந்தால் தட்டிச் சமாளிக்கலாம். சுவரில் தொங்குவதை என்ன செய்ய?

பிரித்தேன். உதிரிப் பஞ்சை எடுத்துவிட்டுப் பஞ்சு ஷீட் வைத்தேன். மூன்றும் நகராமல் இருக்க முதலில் நூலோட்டிக்கொண்டேன். அப்புறம் இரண்டு விரல்கடைக்கு ஒரு வரியாகக் குறுக்கே தைத்தேன். ஊசி மூன்றையும் துளைத்து அந்தப் பக்கம் போய்த் திரும்பி வரவேண்டும். நூல் இழுத்த இடம் பள்ளமாகவும் நடுப்பகுதி மேடாகவும் எழும்பியதில், பனைத் தூரில் வளையம் வளையமாக இருக்குமே, அது தானாக அமைந்துவிட்டது. மெத்தை தைப்பவர் கோணி ஊசியால் நடுநடுவே குத்தி முடிச்சுப் போடுவதும் பஞ்சு ஒதுங்காமல் இருக்கத்தான்.

ஆக, பெயர் அந்தத் தையலைத்தான் சொல்லவேண்டும். அதனால் ‘ஊடுதையல்’ என்கிறேன். தைத்த பொருளுக்கும் தைக்கும் வேலைக்கும் அதுவே போதும்.

‘குயில்ட்’ என்றே எழுதுவோம் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ரேந்தையும் போர்த்துக்கீசியத்திலிருந்து வந்ததுதான். இடையன்குடிப் பக்கம் பின்னப் பின்ன நம் சொல்லாகிவிட்டது. ஆனால் ‘குயில்ட் பண்ணினேன்’ என்று குறிப்பில் பத்து இடத்தில் எழுதிப் பாருங்கள். என்னால் முடியவில்லை.

மற்றவை சுலபம். சுற்றி வருவது ஓரப்பட்டி. பின்னால் கம்பு நுழைக்க, உள்பாவாடையில் நாடா கோர்க்கும் பட்டி மாதிரி ஒன்று தைக்கிறோமே, அது கம்புப்பட்டி. மாட்டுவது சுவர்த்தொங்கல். தேரில் தொம்பையும் தொங்கலும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

‘ஊடுத்தையல்’ என்று ஒற்று மிகுமா என்று கேட்பீர்கள். ‘ஊடுபயிர்’ மிகாமல்தானே புழங்குகிறது? அதன்படி ஊடுதையல். அங்கே ஊடு என்பது இடையில், இங்கே ஊடுருவி என்று யாராவது மடக்கலாம். சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு, பரவாயில்லை.

ஒன்றுதான் உறுத்துகிறது. நெசவில் ‘ஊடும் பாவும்’ என்றால் ஊடு குறுக்கே ஓடும் இழை. வீரவநல்லூர்த் தறிக்காரர் காதில் ‘ஊடுதையல்’ என்பது ஊடை நூலால் தைத்தது என்று விழுமோ? நீங்கள் அந்தப் பக்கம்தானே இருக்கிறீர்கள். அடுத்த தடவை அக்காவுக்குச் சீலை எடுக்கப் போகும்போது சும்மா பேச்சுவாக்கில் கேட்டு எழுதுங்கள். அதுவரை தையல் குறிப்பை அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.