வேலை போன பிறகு தனியாக ஆடை வடிவமைப்பு: எதை விற்பது, எப்படி விலை சொல்வது?

அவிநாசிப் பெண்:
திருப்பூரில் குழந்தைகளுக்கான பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் 11 ஆண்டுகள் வடிவமைப்பாளராக இருந்தேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குகளுக்கான வரியை 50 சதவீதமாக உயர்த்தியதும் ஆர்டர்கள் நின்றுபோயின. தீபாவளி போனஸைக் கையில் கொடுத்த அதே வாரத்தில் எங்கள் பிரிவில் ஆறு பேருக்குக் கணக்கை முடித்துவிட்டார்கள். இனி வீட்டிலிருந்தே வடிவமைத்துக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். டெக் பேக் (தைப்பவர்களுக்கான முழு விவரக் குறிப்பு) போடவும், சாம்பிள் பிரிவில் நின்று வேலை வாங்கவும் தெரியும்; ஆனால் இதுவரை ஒருவரிடமும் விலை பேசியதில்லை. முதலில் பார்த்த ஒருவர், "ரெண்டு டிசைன் சும்மா போட்டுக் காட்டுங்க, புடிச்சா பாக்கலாம்" என்றார். நம்பிப் போட்டுக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்துக் காதர்பேட்டையில் ஒரு கடை வாசலில் அதே யானைப் படம் போட்ட சட்டை தொங்கியது. பாக்கெட்டுக்கு வெளியே எட்டிப் பார்ப்பதுபோல் நான் வரைந்திருந்த வால்கூட மாறவில்லை. அன்றிலிருந்து யாரைப் பார்க்கவும் கால் எழவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

கோவை பேட்டர்ன் மேசை:
அம்மணி, நீங்கள் விற்கப் போனது படத்தை. உங்களிடம் உள்ள சரக்கு அதுவல்ல. படம் எல்லோருடைய கைப்பேசியிலும் கிடைக்கிறது. அந்தப் படத்தைத் துணியில் பிழையில்லாமல் இறக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு. ஏற்றுமதி மந்தமான பிறகு உள்நாட்டுச் சந்தைக்கும் இணைய விற்பனைக்கும் திரும்பிய சிறு யூனிட்டுகள் பல இருக்கின்றன; அவர்களிடம் ஓவர்லாக், ஃப்ளாட்லாக் தையல் இயந்திரங்கள் உண்டு, டெய்லர் உண்டு, வடிவமைப்பாளர்தான் இல்லை. அவர்களிடம் பேட்டர்ன் (துணியை வெட்டுவதற்கான வடிவ அச்சு), அளவு அட்டவணை, துணி விவரம், தைத்து முடித்த ஒரு சாம்பிள் ஆகிய நான்கையும் ஒரே வேலையாகச் சொல்லி விலை பேசுங்கள்.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். ஐரோப்பாவுக்கு நான்கு வயதுக் குழந்தைகளின் தொப்பி வைத்த சட்டை அனுப்பவிருந்த ஒருவர், தொப்பியில் கயிறு கோத்த படத்தோடு வந்தார். ஏழு வயதுக்கு உட்பட்டவர்களின் உடையில் தொப்பியிலும் கழுத்திலும் இழுகயிறு இருக்கக் கூடாது என்பது அங்குள்ள இஎன் 14682 தரவிதி. கயிற்றை எடுத்துவிட்டு இழுபடும் ரிப் பின்னல் பட்டி வைத்துப் பேட்டர்னை மாற்றிக் கொடுத்தேன். அதே துணியைத் துவைத்துப் பார்த்தபோது நீளத்தில் 5 சதவீதம் சுருங்கியதால் அதற்கும் சேர்த்தே அளவு போட்டேன். அன்று விலையில் அவர் ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கவில்லை; இன்றுவரை எனக்கு வேலை கொடுக்கிறார். குழந்தைகள் உடையில் 11 ஆண்டுகள் இருந்த உங்களுக்கு இவையெல்லாம் மனப்பாடம். பழைய நிறுவனத்துக்காகப் போட்டு, இன்னும் கடைக்கு வராத சீசன் வடிவமைப்புகளை மட்டும் யாருக்கும் காட்டாதீர்கள். அவை பையருடைய, அதாவது ஆர்டர் கொடுத்து வாங்கும் நிறுவனத்தின், சொத்து.

ஈரோட்டு வழக்கறிஞர்:
யானைப் படத்துக்காக வருந்துகிறேன். வடிவமைப்புகள் சட்டம் 2000-இன்படி, வெளியில் காட்டுவதற்கு முன்பே பதிவு செய்தால் 10 ஆண்டுகளும், அதன்பின் நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. பதிவு செய்யத்தக்க ஒரு வடிவமைப்பைப் பதிவு செய்யாமல் விட்டுவிட்டு, உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ இயந்திரத்தில் 50 தடவைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால் அதன் பதிப்புரிமையும் போய்விடும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. இது பலருக்குத் தெரிவதில்லை. ஆனால் சீசனுக்கு நாற்பது வடிவங்கள் போடுபவர் ஒவ்வொன்றையும் பதிவு செய்துகொண்டிருக்க முடியாது. ஆகவே பாதித் தொகை வந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள், மீதி வரும்வரை மூலக் கோப்பைக் கொடுக்காமல் சிறிய அளவுப் படத்தை மட்டும் அனுப்புங்கள், உரிமை எப்போது கைமாறும் என்பதை விலைப்புள்ளியிலேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

பல்லடம் ஜாப் ஒர்க்:
முதல் பில் போடுவதற்கு முன்பே உத்யம் பதிவை (குறு, சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) முடித்துவிடுங்கள். ஆதாரும் பான் எண்ணும் வேண்டும், கட்டணம் கிடையாது. பதிவு பெற்ற குறு நிறுவனத்துக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டம் சொல்கிறது; தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. கெடு தாண்டிக் கொடுக்காமல் வைத்திருக்கும் தொகையை அவர்கள் அந்த ஆண்டின் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. மார்ச் மாதம் வந்ததும் அவர்களுடைய ஆடிட்டரே பாக்கியைக் கொடுக்கச் சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். பில்லில் உத்யம் எண்ணைத் தெளிவாக அச்சிடுங்கள்.

அவிநாசிப் பெண்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பெருமாநல்லூரில் ஒரு யூனிட்காரர் ஆறு மாதக் குழந்தைகளுக்கான சட்டை கேட்டிருக்கிறார். தலை நுழையத் தோளில் பட்டன் வைக்க வேண்டும் என்பதைக்கூட அவர் யோசிக்கவில்லை. படத்தை மட்டும் கேட்டார். பேட்டர்னும் சாம்பிளும் சேர்த்து விலை எழுதி, பாதி முன்பணம் என்று குறிப்பிட்டு இன்று மாலை அனுப்புகிறேன்.