டியரிங் கேபிளால் வருகிறது என்பவர்கள் இங்கே வாருங்கள்

வைகைக்கரையான்
நேற்று மானிட்டர் வாங்குவது பற்றிய இழையில் மேலூர்_மாறன் எழுதியது இது: "கேம் ஆடும்போது திரை குறுக்கே கிழிந்த மாதிரி தெரிந்தால் அது கேபிள் கோளாறு. கேபிளை மாற்றுங்கள், போய்விடும்." இதை நம்பி திருமங்கலத்துத் தம்பி ஒருவர் மதுரைக்கு பஸ் ஏறி வந்து, தங்க முலாம் பூசியது என்று விற்ற எச்டிஎம்ஐ கேபிளை வாங்கிப் போயிருக்கிறார். காசு போயிற்று, டியரிங் என்கிற அந்தக் கிழிசல் அப்படியே இருக்கிறது. எனக்கு ஆறவில்லை. அதனால்தான் தனி இழை.

60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 முறை வரையும் மானிட்டர் ஒரு படத்தை மேலிருந்து கீழாக, வரி வரியாக, சுமார் 16.7 மில்லி செகண்டில் வரைகிறது. அது பாதி வரைந்துகொண்டிருக்கும்போதே கிராபிக்ஸ் கார்டு அடுத்த ஃப்ரேமுக்கு, அதாவது அடுத்த முழுப் படத்துக்கு, மாறிவிட்டால் மேலே பழைய படம், கீழே புதுப் படம். காளவாசல் சுவரில் பாதி கிழிந்த போஸ்டர் மேல் இன்னொருவர் போஸ்டர் ஒட்டிவிட்டுப் போன மாதிரி. இதில் கேபிள் எங்கே வந்தது? கேபிள் கெட்டால் திரை கறுத்துக் கறுத்து வரும், புள்ளி புள்ளியாக மின்னும், இல்லையென்றால் 'நோ சிக்னல்' என்று நிற்கும். படத்தை இப்படிக் குறுக்கே வெட்டாது.

மேலூர்_மாறன்
என் பெயரைப் போட்டே இழை திறந்திருக்கிறீர்கள், நன்றி. நான் புத்தகம் படித்துவிட்டுச் சொல்லவில்லை. என்னிடம் இருப்பது நிவிடியாவின் ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, 75 ஹெர்ட்ஸ் மானிட்டர். எச்டிஎம்ஐயில் ஆடும்போது சட்டென்று திரும்பினால் விளக்குக்கம்பம் இரண்டாக வெட்டுப்படும். மேல்துண்டு ஒரு பக்கம், கீழ்த்துண்டு இரண்டு விரல் தள்ளி. டிஸ்ப்ளேபோர்ட் என்ற வேறு வகைக் கேபிள் மாற்றினேன். வேறு ஒன்றையும் தொடவில்லை. கம்பம் நேராக நிற்கிறது. கண்ணால் கண்டதை இல்லை என்று சொல்ல நீங்கள் யார்?

வைகைக்கரையான்
எச்டிஎம்ஐயில் இருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போனீர்கள் என்று நேற்று ஏன் எழுதவில்லை? வெறுமனே "கேபிளை மாற்றுங்கள்" என்றுதானே எழுதினீர்கள்? தம்பி எச்டிஎம்ஐயைக் கழற்றிவிட்டு எச்டிஎம்ஐயே வாங்கியிருக்கிறார்.

மேலூர்_மாறன்
அதுவும் கேபிள்தானே?

ஏஎம்டி_அழகர்
மாறன் அண்ணே, உங்களுக்கு டியரிங் போனதற்குக் காரணம் ஃப்ரீசிங்க். கார்டு எப்போது ஃப்ரேம் தருகிறதோ அப்போதுதான் மானிட்டர் வரையத் தொடங்கும். நிவிடியா முதலில் ஜிசிங்க் என்று தனி மாட்யூல் வைத்த மானிட்டருக்கு மட்டும்தான் இதைக் கொடுத்தது. 2019 ஜனவரியில் 417.71 டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) வந்த பிறகுதான் ஃப்ரீசிங்க் மானிட்டர்களிலும் திறந்துவிட்டார்கள், அதுவும் டிஸ்ப்ளேபோர்ட் வழியாக. அப்போது 400 மானிட்டரைச் சோதித்து 12ஐத்தான் தேறியது என்றார்கள். தேறிய பட்டியலில் இருக்கும் மானிட்டரைச் செருகினால் டிரைவர் தானே ஆன் செய்துகொள்ளும். அதனால்தான் நீங்கள் ஒன்றையும் தொடாமலே போய்விட்டது. என்னுடையது நிவிடியாவின் போட்டியாளரான ஏஎம்டியின் கார்டு, எனக்கு எச்டிஎம்ஐயிலேயே ஃப்ரீசிங்க் ஓடுகிறது.

வைகைக்கரையான்
அழகர் சொன்னதைப் படித்தீர்களா? சிங்க் போக்கியது. கேபிள் போக்கவில்லை.

மேலூர்_மாறன்
அந்த சிங்க் எதில் ஏறி வந்தது? கேபிளில். கேபிள் மாற்றாமல் எனக்கு வந்திருக்குமா? வந்திருக்காது. அப்போது கேபிள்தான்.

வைகைக்கரையான்
எச்டிஎம்ஐயிலேயே அழகருக்கு வந்ததே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மேலூர்_மாறன்
அவர் கதை எனக்கு எதற்கு? என்னுடையது நிவிடியா. இன்னொன்றும் கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். டியரிங் வரும்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பாருங்கள். படத்தில் கோடு இருக்காது. கார்டுக்குள் படம் சுத்தமாக இருக்கிறது, மானிட்டருக்கு வரும்போது கிழிகிறது. நடுவில் என்ன இருக்கிறது? கேபிள்.

வைகைக்கரையான்
ஸ்கிரீன்ஷாட் என்பது முடிந்துபோன ஒரு ஃப்ரேமை மெமரியில் இருந்து அப்படியே பிரதி எடுப்பது. டியரிங் நடப்பது அந்த மெமரியை வரி வரியாக வெளியே படித்து அனுப்பும்போது. 500வது வரியைப் படிக்கும் நேரத்தில் கேம் ஃப்ரேமை மாற்றிவிட்டால் 501வது வரி புது ஃப்ரேமில் இருந்து போகும். கிழிசலோடுதான் கார்டை விட்டே கிளம்புகிறது. கேபிள் பாவம், கொடுத்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. தங்கத்தில் செய்தாலும் அதே கிழிசலைத்தான் சேர்க்கும். செல்போனில் ஸ்லோமோஷன் வைத்துத் திரையைப் படம் பிடியுங்கள், கோடு நன்றாகத் தெரியும்.

சென்னை_ஜிபியு
இதற்கு ஏன் இவ்வளவு சண்டை? ரிச்சி ஸ்ட்ரீட் வந்தால் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் நல்ல விலைக்குக் கிடைக்கும். மதுரையில் கேபிளைத் தவிர வேறு என்ன விற்கிறார்கள்?

ஏஎம்டி_அழகர்
இங்கே கிடைக்காதது எது என்று சொல்லுங்கள். என் மொத்த செட்டும் மதுரையில் வாங்கியது. பழுது என்றால் வண்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கடைக்காரர் மேசையில் வைப்பேன். நீங்கள் சொல்லும் தெருவில் வாங்கிவிட்டு வாரண்டிக்கு பாண்டியன் எக்ஸ்பிரஸில் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு போகவா?

சென்னை_ஜிபியு
கோபம் வருகிறது பாருங்கள். உண்மை சுடும்.

மேலூர்_மாறன்
இந்த ஒரு விஷயத்தில் அழகர் பக்கம் நான்.

குறி_தப்பாதவன்
கவுண்டர்-ஸ்ட்ரைக் ஆடுகிற எவரும் இதைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள். விசிங்க்கை (மானிட்டர் வரைந்து முடிக்கும்வரை புது ஃப்ரேமை நிறுத்திவைக்கும் செட்டிங்) ஆஃப் செய், ஃப்ரேமை எவ்வளவு போகுமோ அவ்வளவு விடு. விசிங்க் போட்டால் மவுஸை நகர்த்திய பிறகு குறி தயங்கித் தயங்கி வருகிறது. கிழிசலோடு ஜெயிக்கலாம், தாமதத்தோடு ஜெயிக்க முடியாது.

வைகைக்கரையான்
உங்கள் ஆட்டத்துக்கு அது சரி. ஆனால் நிதானமாகக் கதை கேம் ஆடுகிறவனுக்கு நிமிடத்துக்கு நிமிடம் வானம் இரண்டாகப் பிளந்தால் கண் வலிக்கும். இழை கேபிள் பற்றியது.

திருமங்கலம்_கேமர்
அண்ணே, அந்த கேபிள் வாங்கினது நான்தான். என்னிடம் இருப்பது ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 60 ஹெர்ட்ஸ் பழைய மானிட்டர். இப்போது டிஸ்ப்ளேபோர்ட் வாங்கணுமா, வேண்டாமா?

மேலூர்_மாறன்
வாங்கு தம்பி.

வைகைக்கரையான்
வாங்காதே! நிவிடியாவில் அந்த வசதி ஜிடிஎக்ஸ் 10 வரிசையில் இருந்துதான். 750 டிஐ 2014ல் வந்த கார்டு. உன் மானிட்டரிலும் ஃப்ரீசிங்க் இருக்காது. நீ எந்தக் கேபிளை மாட்டினாலும் ஒன்றும் நடக்காது. காசு செலவில்லாத வழி இருக்கிறது. நிவிடியா கண்ட்ரோல் பேனலைத் திற, 3டி செட்டிங்கில் வெர்டிகல் சிங்க் என்று இருக்கும், அதுதான் விசிங்க், அதை அடாப்டிவ் என்று வை. சாதா விசிங்க்கில், இரண்டு பஃபர் (ஃப்ரேமை வைக்கும் மெமரி இடம்) மட்டும் வைத்து ஓடும் கேமாக இருந்தால், உன் கார்டால் 60 தர முடியாதபோது சட்டென்று 30க்கு விழும், ஆட்டம் திக்கும். அடாப்டிவ் 60 தொடும்போது சிங்க்கைப் போட்டுக்கொள்ளும், கீழே போனால் விட்டுவிடும். அப்புறம் நிழலையும் புல் பூண்டையும் ஒரு படி குறைத்து வை, 60 நிற்கும்.

ஏஎம்டி_அழகர்
தம்பி, எல்லையில்லா விண்டோ (பார்டர்லெஸ்) என்று கேம் செட்டிங்கில் இருந்தால் அதையும் பார். பெரும்பாலும் விண்டோஸே படத்தைச் சேர்த்து முழுசாக அனுப்பும், கிழிசல் வராது. கொஞ்சம் தாமதம் இருக்கும்.

குறி_தப்பாதவன்
ஃப்ரேமை 60ல் கட்டினாலே போதுமே?

வைகைக்கரையான்
போதாது. 60ல் கட்டினாலும் ஃப்ரேமைக் கட்டும் கடிகாரமும் மானிட்டருக்குப் படம் போகும் கடிகாரமும் ஒன்றாகத் துடிப்பதில்லை. கோடு ஒரே இடத்தில் நிற்கும், இல்லையென்றால் மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கும். எண்ணிக்கை ஒன்றாக இருப்பது வேறு, நேரம் ஒத்துப்போவது வேறு.

மேலூர்_மாறன்
பவர் சப்ளை இழையிலும் இவர் இப்படித்தான். 450 வாட் போதும் என்று நான் சொன்னதற்கு மூன்று பக்கம் எழுதினார். என் கம்ப்யூட்டர் இன்றும் அதே 450ல்தான் ஓடுகிறது.

வைகைக்கரையான்
அதை இங்கே எதற்கு இழுக்கிறீர்கள்? பதில் இல்லாதவர்தான் பழைய இழைக்கு ஓடுவார். ஒரே ஒரு சோதனை சொல்கிறேன். டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் அப்படியே இருக்கட்டும். கண்ட்ரோல் பேனலில் ஜிசிங்க்கை (ஃப்ரீசிங்க்கும் அங்கே அந்தப் பெயரில்தான் இருக்கும்) ஆஃப் செய்யுங்கள், விசிங்க்கையும் ஆஃப் செய்யுங்கள். அதே விளக்குக்கம்பத்துக்குப் போய்த் திரும்பிப் பாருங்கள். கம்பம் வெட்டுப்பட்டால் கேபிள் இல்லை என்று ஆகிவிடும்.

மேலூர்_மாறன்
நன்றாக ஓடுவதை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

வைகைக்கரையான்
இரண்டு கிளிக். திரும்ப ஆன் செய்துகொள்ளலாம்.

மேலூர்_மாறன்
செய்ய மாட்டேன். எனக்குத் தெரியும்.

சென்னை_ஜிபியு
செய்துதான் பாருங்களேன்.

மேலூர்_மாறன்
நீங்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய்ச் செய்யுங்கள்.

திருமங்கலம்_கேமர்
அடாப்டிவ் வைத்தேன் அண்ணே. ஓடும்போது கோடே இல்லை, வெண்ணெய் மாதிரி போகிறது. சண்டையில் கூட்டம் அதிகமானால் மட்டும் வருகிறது, அப்போது ஃப்ரேம் 50க்குக் கீழே போகிறது. கேபிளைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டோம் என்கிறார்கள்.

மேலூர்_மாறன்
இன்னும் கோடு வருகிறது என்று தம்பியே சொல்லிவிட்டார். டிஸ்ப்ளேபோர்ட் போட்டிருந்தால் இது வருமா?

வைகைக்கரையான்
750 டிஐயில் அந்த வசதியே கிடையாது என்று இப்போதுதானே எழுதினேன்? அடாப்டிவ் 60க்குக் கீழே சிங்க்கை விட்டுவிடும் என்றும் எழுதினேன். தம்பி சொல்வது அதேதான். மேலே போய்ப் படியுங்கள்.

மேலூர்_மாறன்
படித்துவிட்டேன். கேபிள்தான்.