லண்டன் – நியூயார்க்: தூரம் ஒன்று, பறக்கும் நேரம் இரண்டு

கடல்வழி:
லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்குச் சுமார் 5,540 கிலோமீட்டர். தூரம் காட்டும் இணையதளங்கள் இரு திசைக்கும் ஒரே பயண நேரத்தைத்தான் தருகின்றன. ஜனவரியில் போகும்போது வானில் மட்டுமே எட்டு மணி நேரத்தை நெருங்கிவிட்டது. திரும்பிய இரவில், கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள நியூஃபவுண்ட்லாந்துத் தீவைக் கடந்ததும் இருக்கைத் திரையில் வேகம் மணிக்கு 1,180 கிலோமீட்டர் என்று தெரிந்தது. பக்கத்து இருக்கைப் பெரியவர் அது பூமியின் சுழற்சியால் என்றார். அந்த உயரத்தில் ஒலியின் வேகமே ஏறத்தாழ 1,060தான் என்பதால், நாங்கள் ஒலியை முந்தினோம் என்றே இன்றும் கருதுகிறேன்.

வடக்குவானம்:
கடல்வழி அவர்கள் சொல்வதை ஏற்க இயலவில்லை. திரை காட்டுவது தரையைப் பொறுத்த வேகம். சுற்றியுள்ள காற்றைப் பொறுத்து அந்த விமானம் 900 கிலோமீட்டர் அளவில்தான் பறந்திருக்கும், மீதி, உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே விரையும் காற்றோட்டமான ஜெட் ஸ்ட்ரீம் கொடுத்தது. 2020 பிப்ரவரியில், கியாரா புயலின்போது, நியூயார்க்கிலிருந்து ஒரு போயிங் 747 லண்டனை 4 மணி 56 நிமிடத்தில் அடைந்தது; அதுகூட ஒலியை முந்தவில்லை. உண்மையில் ஒலியை முந்திய கான்கார்ட் பயணிகள் விமானம் 1996இல் அதே வழியை மூன்று மணி நேரத்துக்குள் முடித்தது. பூமியின் சுழற்சிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை, ஏனெனில் காற்றுமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. மேற்கே போன ஒரு பயணத்தில், எதிர்காற்றைத் தவிர்க்க வடக்கே விலகிச் செல்வதாக விமானி அறிவித்தார். சற்று நேரத்தில் கிரீன்லாந்தின் தென்முனைப் பனிமலைகள் சன்னலுக்குக் கீழே வெயிலில் மின்னின. தூரம் கூடியும் நேரம் குறைகிறது என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

மாலைவிமானம்:
எதிர்காற்றால் தாமதமாகி, நியூயார்க்கில் என் அடுத்த விமானத்தின் கதவு மூடப்படுவதைக் கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்த்தேன். ஆகவே இணைப்பு விமானம் பிடிப்போர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். பயணச்சீட்டில் அச்சாகும் நேரம் வாயிலிலிருந்து வாயில் வரைக்குமானது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் வரிசையில் காத்திருப்பதும் அதில் அடங்கும். இணையதளக் கணக்கில் அவை வருவதில்லை. எனவே இரு திசைக்குமான நேரங்களை விமான அட்டவணையிலேயே தனித்தனியாகப் பாருங்கள். குளிர்காலத்தில் ஜெட் ஸ்ட்ரீம் வலுப்பதால், மேற்கே போகும்போது கூடுதல் இடைவெளி வையுங்கள். அமெரிக்காவில் முதலில் இறங்கும் இடத்திலேயே குடியேற்றச் சோதனையை முடித்து, பெரும்பாலும் பெட்டிகளையும் எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருப்பதால், மூன்று மணி நேரம் அதிகமில்லை. இரண்டு பயணங்களையும் ஒரே முன்பதிவில் வாங்குங்கள். தனித்தனியாக வாங்கினால், தவறிய விமானத்தின் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும்.

மேகக்கோடு:
சுழற்சிக்குத் தொடர்பே இல்லை என்று வடக்குவானம் அவர்கள் எழுதியது மிகை. வெப்ப மண்டலத்திலிருந்து துருவத்தை நோக்கி நகரும் காற்றைக் கிழக்கே திருப்பி ஜெட் ஸ்ட்ரீமாக ஓடவிடுவதே அந்தச் சுழற்சிதான்; அந்தப் பெரியவர் சொன்னதில் பாதி உண்மை உண்டு. அந்தக் காற்றைப் பார்த்துத்தான் அட்லாண்டிக்கின் மேலுள்ள விமானத் தடங்களை நாள்தோறும் புதிதாக வகுக்கிறார்கள். என்னை உறுத்துவது வேறொன்று. ஓர் அதிகாலையில் குறித்த நேரத்துக்கு வெகு முன்னதாகவே லண்டனை எட்டிவிட்டோம். இறங்கும் முறை வரும்வரை, காற்று மிச்சப்படுத்திய நேரத்தில் பெரும்பகுதியை லண்டனுக்கு அருகிலுள்ள எசெக்ஸ் வானில் வட்டமடித்தே கழித்தோம்.